பஜ்ஜிக் காகிதமும் பன்னீரும்

டீக்கடையில் பஜ்ஜியைச் செய்தித்தாள் துண்டில் வைத்துத் தருவார்கள். இரண்டு நிமிடத்தில் அந்தத் தாள் கண்ணாடிபோல் ஆகிவிடும். மறுபக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரலின் நிழல்கூடத் தெரியும். காகிதம் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் அதன் நார்களுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று. நாரிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து மறுபடி நாருக்கு என்று ஒளி மாறிமாறிப் போகும்போது ஒவ்வொரு எல்லையிலும் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் வெள்ளை. எண்ணெய் போய் இடைவெளிகளை நிரப்பியதும் கதை மாறுகிறது. எண்ணெயும் நாரும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் வளைப்பவை. சிதறுவதற்கு எல்லை இல்லாததால் ஒளி நேராக ஊடுருவிப் போய்விடுகிறது.

தோல் ஆய்வுக்கூடங்களில் முகத்தின் எண்ணெயை அளக்கப் பயன்படும் கருவி இதே பஜ்ஜிக் காகிதம்தான். அதன் பெயர் சீபுமீட்டர். ஜெர்மனியின் கொலோன் நகரில் செய்கிறார்கள். அதன் முனையில் மங்கலான ஒரு பிளாஸ்டிக் நாடா இருக்கும். அதை நெற்றியில் 30 வினாடி அழுத்தி எடுத்து, நாடாவின் ஊடே ஒளியைச் செலுத்துவார்கள். எவ்வளவு எண்ணெய் ஒட்டியதோ அவ்வளவு தெளிவாக நாடா மாறியிருக்கும். ஊடுருவிய ஒளியின் அளவைக் கருவி எண்ணெயின் எடையாக மாற்றிச் சொல்லும். இதற்கு முந்தைய தலைமுறையினர் உண்மையிலேயே காகிதத்தைத்தான் பயன்படுத்தினார்கள். 1961இல் பாஸ்டன் நகரத்து ஜான் ஸ்ட்ராஸும் பீட்டர் போச்சியும், சிகரெட் சுற்றும் காகிதத்தை நெற்றியில் 3 மணி நேரம் வைத்து, அது உறிஞ்சிய எண்ணெயை ஈதரில் கரைத்து எடை போட்டார்கள்.

நெற்றியில் கிடைக்கும் அளவு பொதுவாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100, 200 மைக்ரோகிராம் என்ற வாக்கில் இருக்கும். 100 மைக்ரோகிராமை அந்தச் சதுரத்தில் ஒரே சீராகப் பரப்பினால் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டரைச் சற்றே தாண்டும். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. ‘மூஞ்சில எண்ணெய் வழியுது, போய்க் கழுவிட்டு வா’ என்று வீடுகளில் விரட்டப்படும் எண்ணெய் இவ்வளவுதான்.

என் அக்கா மகன் பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் ஒரு நாளைக்கு ஐந்து முறை சோப்புப் போட்டு முகம் கழுவுவான். விடுமுறைக்கு வந்தவன் ஒருநாள் கேட்டான்: “மாமா, எண்ணெயும் வழியுது, இழுக்கவும் செய்யுது. சிரிச்சா கன்னத்துல தோல் சுருங்கி வலிக்குது. கடையில கேட்டா ஆயிலி ஸ்கின்னா, டிரை ஸ்கின்னானு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

அவனுக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அந்தக் கேள்வியே தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது.

முதலில் ஈரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். அதற்கான கருவி கார்னியோமீட்டர். மின்தேக்கியைப் பள்ளியில் படித்திருப்போம்: இரண்டு தகடுகளுக்கு நடுவில் என்ன பொருள் இருக்கிறதோ அதைப் பொறுத்து அது தேக்கும் மின்னூட்டம் கூடும், குறையும். இந்தத் தன்மையில் தண்ணீர் தனி ரகம். அதன் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80. எண்ணெய், கொழுப்பு, பிளாஸ்டிக் போன்றவற்றின் மாறிலியோ பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் நின்றுவிடும். கருவியின் முனையைக் கன்னத்தில் வைத்தால், மேல்தோலில் தண்ணீர் எவ்வளவு என்பதற்கு ஏற்ப மின்தேக்குத்திறன் மாறுகிறது. எண்ணெய் இருப்பதை இந்தக் கருவி பொருட்படுத்துவதே இல்லை. சீபுமீட்டர் தண்ணீரைப் பொருட்படுத்துவதில்லை. ஒரே முகம், இரண்டு கருவிகள், ஒன்றையொன்று கலந்துகொள்ளாத இரண்டு கணக்குகள்.

முகத்தை அளந்து பழகியவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் தராசுத் தட்டுகள்போல் ஒன்று ஏற ஒன்று இறங்குபவை அல்ல என்பது தெரியும். எண்ணெய் மிகுந்து ஈரமும் மிகுந்த முகம் உண்டு. எண்ணெய் குறைந்து ஈரம் நிறைந்த முகம் உண்டு. ஐந்து வயதுக் குழந்தையின் கன்னம் அப்படிப்பட்டது. எண்ணெய் வழிந்து ஈரம் வற்றிய முகமும் உண்டு. என் அக்கா மகனுடையது அதுதான்.

அப்படியிருக்க, ‘எண்ணெய்ப்பசை’ ஒரு முனையிலும் ‘வறட்சி’ மறுமுனையிலும் நடுவில் ‘இயல்பு’ என்று ஒரே கோட்டில் மூன்று புள்ளிகளை யார் வைத்தார்கள்? அழகுசாதன வரலாறு எழுதுபவர்கள் ஹெலனா ரூபின்ஸ்டைனைக் காட்டுவார்கள். 1872இல் போலந்தின் கிராக்கோவில் பிறந்து, 1896இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய், மெல்போர்னில் கடை திறந்து, உலகின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவராக உயர்ந்தவர். அவர் விற்ற கிரீமின் அடிப்படைப் பொருள் லானோலின், அதாவது செம்மறியாட்டுக் கம்பளியில் ஊறும் கொழுப்பு. அது ஆட்டின் தோல் எண்ணெய்தான். ஆட்டின் எண்ணெயை மனித முகத்துக்குத் தந்தவர், எந்த முகத்துக்கு எது என்று வகை பிரித்தும் தந்தார். அந்தக் காலத்தில் அது ஒரு முன்னேற்றம்தான். எல்லோருக்கும் ஒரே களிம்பு என்ற நிலை போய், முகங்கள் வேறு வேறு என்ற எண்ணம் வந்தது. ஆனால் அந்தப் பிரிவினை கடை மேசையில் பிறந்தது, ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. நூறாண்டுக்கு மேலாகியும் நாம் அந்த மேசை முன்னாலேயே நிற்கிறோம்.

நம் முகம் எந்த வகை என்று நாமே சொல்வதும் நம்பத் தகுந்ததாக இல்லை. தென் கொரியத் தோல் மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உங்கள் முகம் என்ன வகை என்று ஆட்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு கருவியால் எண்ணெயை அளந்தார்கள். சொன்னதும் அளந்ததும் பல இடங்களில் பொருந்தவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதே. நாம் முகத்தைத் தொட்டு உணர்வது எண்ணெயை மட்டுமல்ல. பிசுபிசுப்பு, வியர்வை, இழுப்பு, சொரசொரப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம்.

இந்தக் குழப்பத்தை அவிழ்த்த சோதனை 1952இல் வெளியானது. செய்தவர் பாஸ்டனைச் சேர்ந்த இர்வின் பிளாங்க். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி மிக எளியது: தோலை மிருதுவாக வைத்திருப்பது எண்ணெயா, தண்ணீரா? காய்த்துப்போன தோலின் துண்டுகளை எடுத்து உலர்த்தினார். அவை விறைத்து, வளைத்தால் முறியும் நிலைக்கு வந்தன. அவற்றை எண்ணெய்களிலும் களிம்புகளிலும் ஊறவைத்தார். எத்தனை ஊறியும் விறைப்பு போகவில்லை. தண்ணீர் பட்டதும் அதே துண்டுகள் துணிபோல் வளைந்தன. ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மேல்தோல் முறியத் தொடங்குகிறது என்பதும் அவர் வேலையிலிருந்து கிடைத்த எண்.

நம் சமையலறையில் இதைச் செய்து பார்க்கலாம். பொரிக்காத அப்பளத்தை எண்ணெயில் போட்டு வைத்துப் பாருங்கள், நாளெல்லாம் ஊறினாலும் வளைத்தால் படக்கென்று உடையும். அதையே மழைநாளில் டப்பாவை மூடாமல் வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்து நமத்துப்போய்த் துவளும். மேல்தோலும் நமத்திருக்க வேண்டிய ஒரு பொருள். அதன் கெரட்டின் இழைகளுக்கு நடுவே தண்ணீர் மூலக்கூறுகள் புகுந்து உட்கார்ந்திருந்தால்தான் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், தோல் வளையும்.

அப்படியானால் தேங்காயெண்ணெய் தடவியதும் காலின் வறட்சி மறைகிறதே? இதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. உலர்ந்த தோலில் செதில்கள் எழும்பி நிற்கும், அவற்றுக்கு அடியில் காற்று புகும், ஒளி சிதறும். நம் மாநிறத் தோலில் அது சாம்பல் பூத்ததுபோல் எடுப்பாகத் தெரியும். எண்ணெய் அந்தக் காற்று இடைவெளிகளை நிரப்பியதும் சாம்பல் நிறம் மறைகிறது. மறுபடியும் பஜ்ஜிக் காகிதம்தான்! ஒரு நொடியில் நடக்கும் இந்த மாற்றத்தில் ஈரம் ஒரு துளியும் கூடியிருக்காது. இரண்டாவது வேலை மெதுவானது, உண்மையானது. எண்ணெய்ப் படலம் தோலிலிருந்து ஆவியாகும் நீரைத் தடுக்கிறது, உள்ளிருந்து ஏறிவரும் ஈரம் மேலே தேங்குகிறது. இதில் மன்னன் வாசலின். அமெரிக்காவில் ராபர்ட் செஸ்ப்ரோ 1872இல் காப்புரிமை பெற்ற அந்தப் பெட்ரோலியக் களிம்பு, தடவிய இடத்தில் நீர் ஆவியாவதை அநேகமாக முழுவதும் நிறுத்தக்கூடியது. ஆனால் அது பூட்டுதான். வீட்டுக்குள் ஏதாவது இருந்தால்தான் பூட்டுக்குப் பயன். குளித்த ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும் என்பதற்கும், காய்ந்து வெடித்த தோலில் தடவுவதில் பலன் குறைவு என்பதற்கும் காரணம் இதுவே.

நம் உடலிலிருந்து வியர்வை இல்லாமலேயே, தோல் வழியாகச் சத்தமின்றி வெளியேறும் நீர் நாளொன்றுக்கு 300 முதல் 400 மில்லிலிட்டர். ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். இது இவ்வளவோடு நிற்பதே பெரிய சாதனை. அதைச் செய்வது தோலின் கடைசி வெளி அடுக்கு. அதிலுள்ள செல்கள் எல்லாம் இறந்தவை. தட்டையாகி, கெரட்டின் நிறைந்து, செங்கற்கள்போல் அடுக்கப்பட்டிருக்கும். செங்கற்களுக்கு நடுவே சாந்து பூசியதுபோல் கொழுப்பு இருக்கும். இந்த ஒப்புமையைப் பிரபலமாக்கியவர் கலிபோர்னியாவின் பீட்டர் எலியாஸ். சாந்தில் ஏறத்தாழ பாதி செராமைடு, கால்வாசி கொலஸ்டிரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். முகத்தில் இருப்பது ஒரு எண்ணெய் அல்ல, இரண்டு. ஒன்று, மயிர்க்காலோடு ஒட்டிய சுரப்பியிலிருந்து வெளியே வழியும் சீபம். மற்றது, தோல் செல்கள் தாமே தயாரித்துத் தங்களுக்கு நடுவே பூசிக்கொள்ளும் சாந்து. முதலாவதில் பாதிக்கு மேல் டிரைகிளிசரைடுகளும் கொழுப்பு அமிலங்களும், கால்வாசி மெழுகு எஸ்டர்கள், எட்டில் ஒரு பங்கு ஸ்குவாலீன். சுறாவின் ஈரல் எண்ணெயில் கண்டுபிடிக்கப்பட்டு, சுறாவின் பெயரையே தாங்கிய அதே ஸ்குவாலீன்தான். செராமைடு சீபத்தின் சரக்கு அல்ல. ஆகவே நெற்றியில் சீபம் ஆறாக ஓடினாலும் சாந்து உதிர்ந்திருக்கலாம். சுவரில் விரிசல், வாசலில் வெள்ளம். எண்ணெய் வழியும் முகம் வறண்டு இழுப்பதில் எந்த முரண்பாடும் இல்லை.

செங்கலுக்குள்ளும் ஒரு ஏற்பாடு உண்டு. ஃபிலாக்ரின் என்ற புரதம் மேல்தோலில் உடைந்து அமினோ அமிலங்களாகவும் அவற்றின் வழித்தோன்றல்களாகவும் மாறுகிறது. லாக்டேட், யூரியா போன்றவற்றோடு சேர்ந்து இவை உப்பு மழைநாளில் நீர் கோத்துக்கொள்வதுபோல் செல்லுக்குள் நீரைப் பிடித்து வைக்கின்றன. 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்து இர்வின் மெக்லீனும் உடன் உழைத்தவர்களும், ஃபிலாக்ரின் மரபணுவில் பிழை உள்ளவர்களுக்குத் தோல் மீன் செதில்போல் வறண்டு போவதையும், அவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு மிகுதி என்பதையும் காட்டினார்கள். இவர்களிடம் எண்ணெய்ச் சுரப்பிகளில் ஒரு குறையும் இல்லை. வறட்சியின் வேர் வேறிடத்தில் இருந்தது.

முகம் ஏன் இத்தனை எளிதில் வறள்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜப்பானின் செண்டாய் நகரிலுள்ள தொஹோகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் உடலின் பல இடங்களில் இந்தச் செங்கல் அடுக்குகளை எண்ணிப் பார்த்தார்கள். கை கால்களில் சராசரியாக 15 அடுக்கு. குதிகாலில் 86. முகத்தில் வெறும் 9. சட்டையும் வேட்டியும் சேலையும் மூடிக் காக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றைவிட, வெயிலுக்கும் காற்றுக்கும் நாள் முழுவதும் நேராக நிற்கும் முகத்துக்குச் சுவர் மெல்லியது.

சுரப்பிகளுக்கு வருவோம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூடக் கிடையாது. முகத்திலும் உச்சந்தலையிலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை. முகத்திலும் நெற்றி, மூக்கு, மோவாய் மூன்றிலும் செழிப்பு; கன்னங்களில் குறைவு. முகம் கழுவி இரண்டு மணி நேரம் எதுவும் பூசாமல் இருந்து, மெல்லிய டிஷ்யூ தாளை ஒவ்வொரு இடமாக அழுத்தி வெளிச்சத்தில் பிடித்தால் உங்கள் முகத்தின் எண்ணெய் வரைபடமே கிடைத்துவிடும். பெரும்பாலான முகங்களில் நடுவில் கண்ணாடியும் ஓரங்களில் வெள்ளையுமாக இருக்கும். இதைக் காம்பினேஷன் ஸ்கின் என்று தனி வகையாக்கித் தனிப் புட்டி விற்கிறார்கள். மனித முகத்தின் சாதாரண அமைப்புக்கு ஒரு வகைப்பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பதே என் கருத்து.

சுரப்பி எண்ணெயைத் தரும் விதம் விசித்திரமானது. வியர்வைச் சுரப்பிபோல் அது வடிப்பதில்லை. அதன் செல்கள் கொழுப்பை நிரப்பிக்கொண்டே போய், கடைசியில் வெடித்து, தாமே எண்ணெயாகிவிடுகின்றன. ஒரு செல் பிறந்து வெடிப்பதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். இன்று மாலை மூக்கில் மின்னும் எண்ணெய் போன பௌர்ணமிக்குத் தொடங்கியதாக இருக்கலாம். எவ்வளவு நிரம்ப வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். பிறந்த குழந்தையின் முகத்தில் எண்ணெய் உண்டு. சில மாதங்களில் அது வற்றி, ஏழெட்டு வயதுவரை சுரப்பி தூங்கும். பருவத்தில் விழித்துப் பொங்கும். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்குத் தணியும்; ஆண்களுக்குத் தணிய இன்னும் பல ஆண்டுகள் ஆகும். நாற்பது வயதில் வாங்கிய கிரீம் அறுபதில் ஒத்துவராமல் போவதற்குக் கிரீம் காரணமில்லை.

அடிக்கடி கழுவினால் சுரப்பி கோபித்துக்கொண்டு இன்னும் அதிகமாகச் சுரக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பியது இது. 1958இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஆல்பர்ட் கிளிக்மனும் வால்டர் ஷெல்லியும் இதைச் சோதித்து மறுத்தார்கள். மேலே எண்ணெய் இருக்கிறதா, துடைத்துவிட்டார்களா என்பதைச் சுரப்பி அறியாது. அது தன் போக்கில் சுரந்துகொண்டே இருக்கும். கழுவிய சில மணி நேரத்தில் மறுபடி மினுக்குவதற்குக் காரணம் மயிர்க்குழியில் ஏற்கெனவே தேங்கியிருக்கும் எண்ணெய் மேலேறுவது.

கிளிக்மனின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலில் அவர் தலைமையில் எண்ணற்ற சோதனைகள் நடந்தன. அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவர்களுக்கு என்ன தடவப்படுகிறது என்பதுகூடப் பலருக்குச் சொல்லப்படவில்லை. 2022இல் பிலடெல்பியா நகரம் அதற்காக மன்னிப்புக் கேட்டது. தோலைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் ஒரு பகுதி அந்த மனிதர்களின் முதுகிலும் கைகளிலும் எழுதப்பட்டது. புட்டிகளின் மேல் ஒட்டிய தாள்களில் அது இருக்காது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுரப்பிக்குக் கோபம் தெரியாது என்றாலும் வெப்பம் தெரியும். தோலின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் வெளிவரும் எண்ணெய் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது என்று 1970இல் பிரிட்டனில் அளந்திருக்கிறார்கள். சென்னையின் மே மாதத்தைக் கடந்த யாருக்கும் இதற்குச் சான்று வேண்டியதில்லை. ஆனால் கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் சேர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருப்பதால் வியர்வை ஆவியாகாமல் முகத்திலேயே நிற்கிறது, மெல்லிய எண்ணெயோடு கலந்து பளபளக்கிறது. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ கைக்குட்டையில் துடைத்தெடுப்பதில் பெரும்பகுதி உப்புத் தண்ணீர்தான். அதை எண்ணெய் என்று நினைத்து, எண்ணெயை அறுக்கும் சோப்பைக் கையில் எடுக்கிறோம்.

சோப்பு எதை அறுக்கிறது என்பதுதான் என் அக்கா மகனின் கேள்விக்கு விடை. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, பி.எச். 5 என்ற அளவில். 1928இல் ஜெர்மனியின் ஹைன்ரிஷ் ஷாடேவும் ஆல்ஃபிரட் மார்ஷியோனினியும் இதை ‘அமிலப் போர்வை’ என்று அழைத்தார்கள். கட்டிச் சோப்பின் கரைசல் பி.எச். 9, 10 என்று நிற்கும் காரம். சாந்தைத் தயாரிக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் ஒழுங்காக வேலை செய்யும். காரச் சூழலில் அவை சோர்கின்றன. செங்கற்களை உதிர்க்கும் நொதிகளோ உற்சாகமடைகின்றன. ஒரு முறை கழுவினால் சில மணி நேரத்தில் தோல் சமாளித்துக்கொள்ளும். ஐந்து முறை கழுவினால் சமாளிக்க நேரமே இல்லை. மேலே இருக்கும் ஒரு மைக்ரோமீட்டர் சீபம் போய்த் திரும்பி வருகிறது. சாந்தும், செங்கலுக்குள் நீர் பிடித்து வைத்த சரக்கும் போனவை போனவைதான். அவை மறுபடி உண்டாக நாள் ஆகும்.

அவன் பிறகு வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. எட்டு மணி நேரம் ஏ.சி. மொட்டை மாடியில் ஏ.சி. குழாயின் அடியில் வைத்த வாளி நிரம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் அறைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்டது. பிழிந்த காற்று தன் தாகத்தை அறையில் ஈரமாக இருக்கும் எல்லாவற்றிடமும் தீர்த்துக்கொள்ளும். ஒன்பது அடுக்குச் சுவர்கொண்ட முகமும் அதில் ஒன்று. வெளியே வெயிலில் சுரப்பி பொங்குகிறது, உள்ளே குளிரில் சுவர் உலர்கிறது. ஒரே நாளில் ஒரே முகத்துக்கு இரண்டும் நடக்கும்.

வறட்சிக்கும் சீபத்துக்கும் உறவில்லை என்பதை இன்னும் சந்தேகிப்பவர்கள் தங்கள் உதட்டைப் பார்த்துக்கொள்ளலாம். மார்கழிப் பனியில் முதலில் வெடிப்பது அது. உதட்டின் சிவந்த பகுதியில் மயிர்க்கால் இல்லாததால் எண்ணெய்ச் சுரப்பியும் பெரும்பாலும் கிடையாது, கோடையிலும் கிடையாது. கோடையில் வெடிக்காத உதடு மார்கழியில் வெடிப்பது காற்றின் ஈரம் குறைவதால்.

இவ்வளவும் தெரிந்தபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. சுவரைக் காப்பது சாந்து, நீரைப் பிடிப்பது செங்கலுக்குள் இருக்கும் சரக்கு என்றால், சீபம் எதற்கு? கிளிக்மன் 1963இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய தீர்ப்பு கடுமையானது: மனிதனுக்கு அதனால் பயன் ஏதுமில்லை, ரோமம் அடர்ந்திருந்த காலத்தின் மிச்சம் அது. குழந்தைகள் அவர் பக்கம் சாட்சி சொன்னார்கள். சீபம் இல்லாமலேயே அவர்கள் தோல் நன்றாகத்தானே இருக்கிறது!

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2003இல், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மறுப்பு வந்தது. பிறவியிலேயே எண்ணெய்ச் சுரப்பிகள் சூம்பிப்போன ஒரு சுண்டெலி இனம் உண்டு. அதற்கு அசீபியா என்று பெயர். எலியாஸின் குழுவினர் அதன் தோலை அளந்தார்கள். சுவர் உறுதியாக இருந்தது, நீர் ஒழுகவில்லை. ஆனாலும் மேல்தோல் வறண்டு கிடந்தது. சரி, இல்லாத எண்ணெயைத் தடவிப் பார்ப்போம் என்று சீபத்தில் உள்ளதுபோன்ற கொழுப்புகளைக் கலந்து பூசினார்கள். வறட்சி தீரவில்லை. பிளாங்க்கின் அப்பளம் மறுபடி ஜெயித்தது. பிறகு கிளிசரால் பூசினார்கள். ஈரம் திரும்பியது.

கிளிசரால் எங்கிருந்து வந்தது என்பதில்தான் அழகு இருக்கிறது. சீபத்தில் உள்ள டிரைகிளிசரைடு ஒவ்வொன்றும் மூன்று கொழுப்பு அமிலங்களை ஒரு கிளிசரால் மூலக்கூறில் கோத்துச் செய்தது. சுரப்பியிலிருந்து மேலே வரும் வழியில் நொதிகள் அதை உடைக்கின்றன. கொழுப்பு அமிலங்கள் ஒரு பக்கம் போக, கிளிசரால் விடுபட்டு மேல்தோலுக்குள் இறங்கி நீரைப் பற்றிக்கொள்கிறது. எண்ணெய்ச் சுரப்பி தந்த சீதனத்தில் பயனுள்ளது எண்ணெயே இல்லை, எண்ணெய்க்குள் மறைந்திருந்த நீர்ப்பற்றுள்ள ஒரு சிறு மூலக்கூறு.

அதே ஆண்டு, அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில், மரிகோ ஹாராவும் ஆலன் வெர்க்மனும் இன்னொரு சுண்டெலியை ஆராய்ந்தார்கள். அதற்குச் சுரப்பியில் குறை இல்லை. நீரும் கிளிசராலும் செல்லுக்குள் நுழையும் அக்வாபோரின்-3 என்ற வாயில் இல்லை. அதன் தோலும் வறண்டிருந்தது, அதற்கும் கிளிசரால் கொடுத்ததும் சரியானது. ஆக, கிளிசரால் மேல்தோலுக்கு இரண்டு வழிகளில் வருகிறது: மேலிருந்து சீபத்தின் மூலம், கீழிருந்து இரத்தத்தின் மூலம். குழந்தையின் கன்னம் சீபம் இல்லாமல் ஏன் ததும்புகிறது என்பதை இந்த இரண்டாவது வழியைக்கொண்டு புரிந்துகொள்ளலாம். 2005இல் மனிதர்களிடம் அளந்தபோதும் மேல்தோலின் ஈரம் கிளிசரால் அளவோடு கைகோத்துப் போனது; சீபத்தின் அளவோடு அப்படிப் போகவில்லை.

என் பாட்டி மார்கழி பிறந்ததும் மருந்துக் கடையிலிருந்து ஒரு சின்னப் புட்டி கிளிசரின் வாங்கி வரச் சொல்வாள். கிளிசராலின் கடைப்பெயர்தான் கிளிசரின். அதை அப்படியே பூச விடமாட்டாள். “எரியும்டா, இரு” என்று சொல்லி உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, அதைப்போல மூன்று மடங்கு பன்னீர் சேர்த்துக் குழைத்துத்தான் கன்னத்தில் தடவுவாள். நீர்ப்பசியுள்ள பொருளைத் தனியாகப் பூசினால் அது தோலிடமிருந்தே நீரை இழுக்கும், நீரோடு கலந்து பூசினால் கையோடு கொண்டுவந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூசியது பிசுபிசுவென்று ஒட்டும், தலையணையில் கறை படியும். அதன் மேல் ஒரு விரல் நுனி தேங்காயெண்ணெயும் தேய்த்துவிட்டு, பூட்டுப் போட்டாகிவிட்டது என்பதுபோல் கன்னத்தில் ஒரு தட்டு தட்டி, தூங்கப் போகச் சொல்வாள்.